சிவப்புக் காய்

தாள் ஒன்பதாவது விதியோடு முடிந்திருந்தது. கடைசி வரியில் இருந்த எழுத்துகளின் கால்கள்கூட வெட்டுப்பட்டிருந்தன. மதுரையில் ஒரு பொம்மைக் கடைக்கு மாதிரி அனுப்ப வேண்டும் என்று எங்கள் கம்பெனியை நடத்திய தேனப்பன் அண்ணன் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுக்கில் மேலாக இருந்த விளையாட்டுப் பெட்டியை எடுத்து, உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத்தான் சணல் நூலைப் பிரித்தேன். அட்டைப் பலகை இருந்தது. நான்கு கப்பல் காய்கள் இருந்தன. இரண்டு பகடைகளும் சிவப்புக் காயும் இருந்தன. தாளும் இருந்தது. ஆனால் அந்தத் தாளில் சிவப்புக் காய் எதற்கு என்பது இல்லை.

அடுத்த பெட்டியைப் பிரித்தேன். அதற்கடுத்ததையும் பிரித்தேன். எல்லாத் தாளும் ஒன்பதில் நின்றன. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று விதிகளும் காணவில்லை. தட்டச்சு செய்தவள் நான் என்பதால் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். அலமாரியைத் திறந்து, நகலெடுக்க நான் அடித்த மெழுகுத் தாளான ஸ்டென்சிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டும் வரிசையாக இருந்தன. அப்படியும் மனது ஆறவில்லை. கட்டுக்கு ஒன்றாவது எடுத்துப் பார்த்திருக்க வேண்டியது என் வேலைதானே.

"ஜமாலண்ணே, கொஞ்சம் இங்குட்டு வாங்க."

ஜமால் முகம்மது அண்ணன் முன்கட்டில் அட்டைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அது அவருடைய பைண்டிங் கடை. செக்காலை ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் இருந்தது. அதன் பின்கட்டுதான் எங்கள் கம்பெனி.

"கையெல்லாம் பச தாயி. அங்குட்டு இருந்தே சொல்லு."

"தாளு பாதிதான் இருக்கு."

"மீதிய எலி தின்னுருக்கும். நம்ம கம்பெனில எலிதான் ஒழுங்கா சாப்புடுது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தாளை வாங்கி ஒரு முறை நிமிர்த்திப் பிடித்தார், ஒரு முறை கவிழ்த்துப் பிடித்தார். பிறகு வெட்டு மிஷினைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போனது.

நடந்தது இதுதான். சைக்ளோஸ்டைல் தாள் பெட்டியைவிட நீளம். மேலே நான் வெற்றிடம் விட்டே தட்டச்சு செய்வேன். அந்த வெற்றிடத்தை வெட்டி எறிந்தால் தாள் பெட்டிக்குள் படுக்கும். பொங்கலுக்குப் பிறகு வந்த கட்டை அவர் தலைகீழாக மிஷினில் வைத்துவிட்டார்.

"தலமாட்ட வெட்டச் சொன்ன. நான் கால்மாட்ட வெட்டிப்புட்டேன்" என்றார். "இந்தக் கட்டு எப்பருந்து போகுது?"

"மாசியிலருந்து."

அப்போது ஆனி மாதம் நடந்துகொண்டிருந்தது. வைகாசி முகூர்த்தங்களுக்குச் சீர்ச் சாமானாகப் போன அத்தனை பெட்டிகளும் அந்தத் தாளோடுதான் போயிருந்தன.

தேனப்பன் அண்ணன் ரங்கூனில் பிறந்தவர். அவர் அப்பச்சி என்று கூப்பிடும் அப்பா அங்கே ஒரு வட்டிக் கடையில் மேலாளாக இருந்தவர். அறுபத்து நான்கில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி அண்ணன் எங்களிடம் அதிகம் பேசியதில்லை. ஆனால் அவர் உண்டாக்கிய விளையாட்டு முழுவதும் அந்தக் கடல்தான். கீழ்க்காற்றின் பெயரால் 'கொண்டல்' என்று அதற்குப் பெயர் வைத்தார். ரங்கூனிலிருந்து நான்கு கப்பல்கள் புறப்பட்டு நாகப்பட்டினம் வந்து சேர வேண்டும். பகடை உருட்டிக் கட்டம் கட்டமாக நகர வேண்டும். இவ்வளவுதான் என்றால் அது சாதாரணப் பந்தயம். ஆனால் சிவப்புக் காய் ஒன்று உண்டு. அது புயல். பகடையில் இரட்டை விழுந்தால், விழுந்தவர் புயலைத் தூக்கி எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம். அங்கே இருக்கும் கப்பல் சிக்கிக்கொள்ளும். தானாக வெளியே வர முடியாது. வேறொரு கப்பல் தன் வழியை விட்டு அந்தக் கட்டத்துக்குப் போய் அதை இழுத்து வர வேண்டும். கடைசி விதி எல்லாவற்றையும்விட முக்கியமானது. முதலில் கரை சேர்ந்தவருக்கு வெற்றி இல்லை. இன்னொரு கப்பலை இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தவருக்குத்தான் வெற்றி.

இந்த விதிக்கு வந்து சேர எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. நான் அப்போது கல்லுக்கட்டி பக்கம் மாலை வகுப்பில் தமிழ் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்புக்குப் போவதற்கு முன்பு மூவரும் பின்கட்டில் உட்கார்ந்து ஆடிப் பார்ப்போம். முதலில் புயலில் சிக்கிய கப்பல் மூழ்கிவிடும் என்று வைத்திருந்தார். ஜமாலண்ணன் கப்பல் முதல் சுற்றிலேயே மூழ்கும். பிறகு அவர் எழுந்து போய் பசை காய்ச்ச ஆரம்பித்துவிடுவார். "முங்குனவன் சும்மா உக்காந்து மத்தவன் மூஞ்சியப் பாக்கவா செட்டியாரே?" என்று ஒரு நாள் கேட்டார். தேனப்பன் அண்ணன் அன்றைக்குப் பலகையை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் வந்து, மூழ்க வேண்டாம், சிக்கினால் போதும், யாராவது போய் இழுக்கட்டும் என்றார். அன்றைக்கு ஆட்டம் ஆடியபோது நான் கரைக்கு இரண்டு கட்டம் தள்ளி நின்றேன். ஜமாலண்ணன் நடுக்கடலில் சிக்கிக் கிடந்தார். போவதா, திரும்புவதா என்று என் கப்பலை எடுத்து எடுத்து அதே கட்டத்தில் வைத்தேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் எழ முடியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அண்ணன், "இதுதான், இதுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எழுதும்போது இதையெல்லாம் பெரிதாக்குகிறேனோ என்று தோன்றுகிறது. ஆனால் அந்த மாலையில் நாங்கள் மூவரும் அப்படித்தான் இருந்தோம்.

பலகைத் தாள் சிவகாசியில் நான்கு வண்ணத்தில் அச்சாகி வந்தது. கடல் நல்ல நீலம். ஆனால் கடைகளில் யாரும் வாங்கவில்லை. பரமபதம் இருக்கிறதே, தாயம் இருக்கிறதே என்றார்கள். பெட்டிகள் பின்கட்டில் அடுக்கடுக்காக நின்றன. தேனப்பன் அண்ணனுக்கு வீட்டில் ஒரு கெடு இருந்தது. கம்பெனி கால் ஊன்றாவிட்டால் கோயம்புத்தூரில் மாமன் மில்லில் கணக்குப் பார்க்கப் போக வேண்டும். அவருடைய அப்பச்சி இதைக் கோபமாகச் சொல்லவில்லை என்பதுதான் அண்ணனை மிகவும் உறுத்தியது. "ஒரு ஊர விட்டு வந்தவன் நான். நீ ஒரு பொட்டிய விட்டு வர முடியாதா அப்பு?" என்று கேட்டாராம்.

மெய்யம்மை ஆச்சிதான் எங்களைத் தூக்கிவிட்டார். அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை வீட்டு நடுக்கூடமான வளவில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். பித்தளை, எவர்சில்வர், பீங்கான், ஜமக்காளம், மரப்பெட்டி என்று ஒவ்வொன்றும் டஜன் டஜனாக இருக்கும். வருகிற பெண்கள் எல்லாரும் அதைச் சுற்றி வந்து பார்ப்பார்கள். ஆச்சி எதையாவது புதிதாக வைக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். தேனப்பன் அண்ணன் தூரத்து உறவு. ஒரு டஜன் 'கொண்டல்' பெட்டி வாங்கிப் பரப்பினார். நீல மூடியும் அதன் மேல் கப்பலும் எவர்சில்வர் அடுக்குகளுக்கு நடுவில் எடுப்பாக இருந்ததாம். அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னொரு வீட்டில் கேட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எங்கள் பெட்டி இல்லாமல் சாமான் பரப்புவதில்லை என்றாகிவிட்டது. ஜமாலண்ணன் மனைவி ரஹீமா அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் தாள் மடித்துப் பெட்டிக்குள் வைக்க வந்தார்கள். தேனப்பன் அண்ணன் அடுத்த விளையாட்டுக்குப் படம் போட ஆரம்பித்தார். அது ஒரு ரயில் விளையாட்டு. மானாமதுரை ஜங்ஷன் நடுவில் இருந்தது. நானும் என் வீட்டில் இனிமேல் வேறு வேலை தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் தாள் வெட்டுப்பட்டதை நான் பார்த்த நாள் வரைக்கும்.

பொழுது சாய்கிற நேரம் தேனப்பன் அண்ணன் சைக்கிளில் வந்தார். கோட்டையூரில் ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முகம் சரியில்லை. நான் தாளைக் கொடுத்தேன். ஜமாலண்ணன் அவர் வாயைத் திறப்பதற்குள் சொன்னார், "தப்பு எம் பேர்லதான். தலகீழா வச்சுப்புட்டேன். ஆனா ஒண்ணு. இத்தன மாசத்துல ஒருத்தரும் வந்து கேக்கல. அல்லா காப்பாத்துனான்."

அண்ணன் தாளை மடித்தார். பிரித்தார். "ஒருத்தரும் கேக்கலையா?"

"ஒருத்தரும் கேக்கல."

"வீரலட்சுமி, கடுதாசி ஏதும்?"

"இல்லண்ணே."

"செவப்புக் காயி எதுக்குன்னு ஒரு கடுதாசி? தெருவுல பாத்தப்ப யாராச்சும் ஒரு வார்த்த?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். என் மனதில் அதுவரை நிம்மதிதான் இருந்தது. புகார் வரவில்லை, தப்பித்தோம் என்றுதான் மதியத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட விதத்தில்தான் எனக்குப் புரிந்தது. பெட்டியைத் திறக்கிற எவரும் முதலில் அந்தச் சிவப்புக் காயைத்தான் கையில் எடுப்பார்கள். அது மற்றதைவிடப் பெரிது, பளபளப்பானது. அது எதற்கு என்று தாளில் தேடுவார்கள். இல்லையென்றால் கேட்பார்கள், திட்டுவார்கள், திருப்பிக் கொண்டுவந்து எறிவார்கள். ஒருவரும் கேட்கவில்லை. ஒருவரும் திறக்கவில்லை.

அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தார். "பாய், நம்ம ஒரு பெட்டி செஞ்சு வித்துருக்கோம். வெளையாட்டு இல்ல" என்றார். ஜமாலண்ணன் பசை வாளியை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

மறுநாளே விடுபட்ட மூன்று விதிகளையும் தனித் துண்டாக ஸ்டென்சிலில் அடித்தேன். துண்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பெட்டியைப் பிரித்து உள்ளே வைக்கச் சொல்வது என்று ஏற்பாடு. தப்பைத் திருத்துகிறோம் என்றுதான் வெளியே சொன்னோம். உண்மையில் அண்ணனுக்கு வேண்டியது ஒரே ஒரு பெட்டி பிரிவதைப் பார்ப்பது. பெண்கள் இருக்கிற இடம் என்பதால் என்னையும் கூட்டிப் போனார். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர நான் பக்கத்தில் நடப்பேன். தூரத்து ஊர்களுக்கு டவுன் பஸ். போன வீட்டில் எல்லாம் மரியாதைக்குக் குறைவில்லை. "வாங்க, காப்பி சாப்புடுறீகளா?" என்பார்கள். துண்டை வாங்கிக்கொள்வார்கள். "வச்சுட்டுப் போங்க, நாங்க உள்ள போட்டுக்குறோம்" என்பார்கள். ஓர் இடத்தில் சாமான் அறைச் சாவி மதுரைக்குப் போயிருந்தது. ஓர் இடத்தில் எங்கள் பெட்டிகளுக்கு மேல் அண்டாவும் அண்டாவுக்கு மேல் ஜமக்காளக் கட்டும் இருந்தன. ஒரு பெரியவர், "ஏன் தேனப்பா, வெளையாடுறதுக்கா குடுத்த இத?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

கடைசியாக மெய்யம்மை ஆச்சி வீட்டுக்குப் போனோம். முதலில் போயிருக்க வேண்டியது. அண்ணன்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அது ஒன்றுதான் நம்பிக்கையாக மிச்சம் இருந்தது என்பதால் இருக்கலாம்.

ஆச்சி எங்களைச் சாமான் அறைக்கே கூட்டிக்கொண்டு போனார். மூத்த மகளுக்குக் கொடுத்தது போக, இளையவள் சாலாவுக்கும் பங்குனியில் ஒரு டஜன் வாங்கிச் சேர்த்திருந்தார். சாலாவுக்கு அப்போது வரன் பார்க்கக்கூட ஆரம்பிக்கவில்லை. பெட்டிகள் சுவரோரம் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. ஒவ்வொரு மூடியிலும் ஓரத்தில் வெள்ளைச் சாயத்தில் 'சா' என்று எழுதியிருந்தது. குடத்திலும் தூக்குச்சட்டியிலும் வெட்டியிருந்த அதே எழுத்து. ஜமாலண்ணன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"பாத்தியா, ஒரு தூசி இருக்கா?" என்றார் ஆச்சி. "வாரம் ஒருக்க நானே தொடைக்கிறேன். ஒம் பொட்டிய எப்பிடி வச்சிருக்கேன் பாரு."

"ஆச்சி, இந்தத் துண்ட உள்ள வைக்கணும். ஒரே ஒரு பொட்டிய மட்டும் பிரிங்க."

"குடு, வைக்கிறேன்." ஆச்சி துண்டுகளை வாங்கினார். ஒன்றை எடுத்து மேல் பெட்டியின் சணல் நூலுக்கு அடியில் நேர்த்தியாகச் செருகினார். மீதியை வெற்றிலைத் தட்டத்தில் வைத்தார். "சரிதானே?"

"உள்ள, ஆச்சி. நூலப் பிரிச்சு."

"நூல எதுக்குய்யா பிரிக்கணும்?"

தேனப்பன் அண்ணன் அப்போது செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆச்சியின் காலடியில் என்றே சொல்லலாம். "ஒரு ஆட்டம் ஆச்சி. நீங்க, நான், இந்தப் புள்ள, சாலா. காப்பி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும். பிடிக்கலன்னா நான் இனிமே இந்தப் பக்கமே வரல. ஒரே ஒரு ஆட்டம்."

ஆச்சி பதறிப்போனார். "எந்திரி, எந்திரி. ஆம்பளப் புள்ள தரையில உக்காந்துக்கிட்டு. என்னடா இது? ஒனக்கு இன்னொரு டஜன் வேணும்னா சொல்லு, வாங்கிக்கிறேன்."

"வாங்க வேணாம் ஆச்சி. பிரிங்க."

"இது சாலாவுக்கு வச்சதுய்யா." ஆச்சியின் குரல் இறங்கியது. ஒரு நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார். "அவ போற வீட்டுல பரப்பணும். பிரிச்சுட்டா பழசாயிரும்ல?"

அண்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். தூணுக்குப் பின்னால் சாலா நின்றுகொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல், ரிப்பன் முடிச்சு. நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். தெருவுக்கு வந்த பிறகு அண்ணன் சைக்கிளில் ஏறவில்லை. கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். ரயில் விளையாட்டு நன்றாக வரும் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அது பொய்யாகுமோ என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கோட்டையூரிலிருந்து அன்று அவர் முகம் வாடி வந்ததற்குக் காரணம் பின்னால்தான் சொன்னார். ஆவணிக் கல்யாணத்தில் எங்கள் பெட்டி இல்லை. அதன் இடத்தில் பிரஷர் குக்கர் வைக்கப்போகிறார்கள். ஒரு வீட்டில் குக்கர் வந்தால் மற்ற வீடுகளிலும் குக்கர்தான். ஆடிப் பார்த்துவிட்டு ஆட்டம் நல்லாயிருந்தது என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் இருந்திருந்தால் கடையிலாவது விற்றிருக்கும். அப்படி ஓர் ஆள் இல்லை. மாதிரி அனுப்பிய மதுரைக் கடையிலிருந்து பதிலும் இல்லை.

சந்தை நாளில் தேனப்பன் அண்ணன் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு போய் வெங்காயக் கடைக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தார். சும்மா ஆடலாம், காசு வேண்டாம், வாங்க வாங்க என்று கூப்பிட்டார். ரங்கூன் கடையில் உட்கார்ந்திருந்த மேலாளின் மகன் அவர். நானும் ஜமாலண்ணனும் எதிரே உட்கார்ந்து ஆடிக் காட்டினோம். கூட்டம் கூடியது. எங்கள் கப்பல்கள் பாதி தூரம் போவதற்குள் சுற்றி நின்றவர்கள் பச்சைக் கப்பலுக்கும் மஞ்சள் கப்பலுக்கும் பந்தயம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் கெஞ்சினார், "பந்தயம் வேணாம்யா, இழுத்துட்டு வர்றதுதான் ஆட்டம்" என்றார். யார் காதிலும் விழவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து பகடைகளை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பொம்பளப் புள்ளய வேற கூட்டிட்டு வந்து சூதாட்டமா?" என்றார். ஜமாலண்ணன் அவரிடம் போய் ஏதோ பேசிப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். அண்ணன் குனிந்து பலகையை மடித்தார். காய்கள் வெங்காயச் சருகுக்குள் உருண்டிருந்தன. நான் தேடி எடுத்தேன். அன்று மாலை டைப்ரைட்டிங் ஹையர் வகுப்பில் என் விரல்கள் எங்கெங்கோ போயின. மாஸ்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டார்.

மூடுவது என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஒரு நாள் ரஹீமா அக்காவை வர வேண்டாம் என்று சொன்னோம். ஒரு நாள் சிவகாசிக்கு அடுத்த அச்சு வேண்டாம் என்று எழுதினேன். பின்கட்டில் விற்காத பலகைகள் கூரை வரைக்கும் நின்றன. தேனப்பன் அண்ணன் தினமும் வந்து அவற்றுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். மூன்று பேரும் ஆடலாமா அண்ணே என்று ஒரு மாலை கேட்டேன். பலகையை விரித்தோம். பகடையைக் கையில் எடுத்தவர் உருட்டாமல் வைத்துக்கொண்டே இருந்தார். "நம்ம மூணு பேருக்கும் தெரியும் வீரலட்சுமி. நம்மளே ஆடி நம்மளே இழுத்து என்ன செய்ய?" என்றார். பகடையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே போனார். கோயம்புத்தூருக்குப் போகும் நாளைக்கூட எங்களிடம் அவர் சொல்லவில்லை. ஜமாலண்ணன் தற்செயலாக ரயிலடிக்குப் போனபோது அண்ணன் ஒரு தகரப் பெட்டியோடு நின்றிருக்கிறார். "பாய், அந்தப் பலகையெல்லாம் ஒங்களுக்கு எதுக்காச்சும் ஒதவுனா எடுத்துக்கங்க" என்றாராம். ஜமாலண்ணன் வந்து இதைச் சொல்லும்போது, "ஒரு வார்த்த திட்டிருந்தா நல்லாருந்திருக்கும் தாயி. தலகீழா வச்சவன் நான்தானே" என்றார். அந்தத் தப்பு நடக்காமல் இருந்திருந்தால் நமக்கு எதுவுமே தெரிந்திருக்காது என்று நான் சொன்னேன். அது அவருக்கு ஆறுதலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே அது ஆறுதலாக இல்லை.

பலகைகள் ஒரு வேலைக்கு உதவின. ஜமாலண்ணன் அவற்றை வெட்டி மிட்டாய்ப் பெட்டி செய்தார். அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி மடித்தார். ஊரில் பலகாரக் கடைக்காரர்கள் அந்தப் பெட்டிகளைத்தான் வாங்கினார்கள். லட்டை எடுத்தால் அடியில் நெய் ஊறிய நீலக் கடல் தெரியும்.

தை பிறந்ததும் மெய்யம்மை ஆச்சி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சாலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை உறைகளுக்கு முகவரி எழுத வேண்டும். என் எழுத்து மணிமணியாக இருக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சாமான்களையெல்லாம் எடுத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்ததால் வளவில் உட்கார இடம் இல்லை. சாமான் அறைக்குள்ளேயே ஒரு பாய் விரித்துக் கொடுத்தார். நிச்சயதார்த்தப் பலகாரம் என்று ஒரு பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சாப்புட்டுக்கிட்டே எழுதுத்தா" என்று சொல்லிப் போனார். நான் சுவரோரம் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீலப் பெட்டிகள் அதே அடுக்கில் இருந்தன. மேல் பெட்டியின் நூலுக்கு அடியில் நான் அடித்த துண்டு, ஓரம் மஞ்சளாகி, இருந்தது.

சாலா உள்ளே வந்தாள். உறைகளை அடுக்கித் தருவதாகச் சொல்லி எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அடுக்கினாள். வளவில் யாரோ குடத்தைக் கீழே வைத்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்து என் முன்னால் நீட்டினாள்.

"அக்கா, இது எதுக்கு?"

சிவப்புக் காய். வார்னிஷ் கொஞ்சம் தேய்ந்திருந்தது. வெகுநாள் கையில் இருந்த பொருளுக்கு வருகிற தேய்வு.

நான் சுவரோர அடுக்கை மறுபடியும் பார்த்தேன். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் ஜமாலண்ணன் முடிச்சுதான். அடிப்பெட்டியில் மட்டும் நூல் ரிப்பன் கட்டுகிற மாதிரி கட்டியிருந்தது.

"ஆத்தாட்ட சொல்லிராதீங்க" என்றாள் சாலா. "ஆத்தா மத்தியானம் படுத்ததுக்கப்பறம் உள்ள வந்து தாப்பாப் போட்டுக்குவேன். தனியாத்தான் ஆடுவேன். நாலு கப்பலும் நாந்தான்."

"எத்தன நாளா?"

"அந்த அண்ணன் வந்து தரையில உக்காந்தாகள்ல, அன்னைக்கிருந்து." உறைகளின் ஓரத்தைத் தட்டிச் சரி செய்தாள். "தாள்ல போட்ட மாதிரிதான் ஆடுறேன். ஆனா என்னமோ ஒண்ணு கொறையுதுக்கா. எல்லாக் கப்பலும் ஒழுங்கா வந்து சேந்துருது. எதுக்கும் ஒண்ணும் ஆகமாட்டேங்குது. கடல்னா அப்பிடியா இருக்கும்? இந்தச் செவப்புதான் அது போலருக்குன்னு நெனச்சு நானா எங்கெங்கயோ வச்சுப் பாத்தேன். சரியா வரல. மேல இருக்குற துண்ட உருவுனா ஆத்தாவுக்குத் தெரிஞ்சிரும்னு அதத் தொடல."

தேனப்பன் அண்ணனுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். கோயம்புத்தூர் முகவரி என்னிடம் இல்லை. அவருடைய அப்பச்சியிடம் கேட்டால் கிடைக்கும். என்ன எழுதுவது என்பதுதான் தெரியவில்லை. ஒரு பெட்டி பிரிந்தது என்று எழுதலாம். பிரித்தவள் அடுத்த மாதம் வேறொரு வீட்டுக்குப் போகிறாள், அங்கே அடுக்கின் அடியில் கை வைக்க முடியுமோ முடியாதோ என்றும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டையும் எழுதினால் அவர் எதைப் படிப்பார்?

"அந்த அண்ணன்ட்டயே கேட்டுருக்கலாம். பயமா இருந்துச்சு" என்றாள். "அவுக இப்ப இங்க இல்லையாமுல்ல?"

"இல்ல."

எழுந்து மேல் பெட்டியின் நூலிலிருந்து அந்தத் துண்டை உருவிக் கொடுத்திருக்கலாம். ஏனோ அப்படிச் செய்யத் தோன்றவில்லை. பலகாரப் பெட்டியை இழுத்தேன். லட்டுகளையும் அதிரசங்களையும் எடுத்து ஓர் உறையின் மேல் வைத்தேன். பெட்டியின் நான்கு மூலைகளையும் பிரித்துப் பாயில் பரப்பினேன். நடுக்கடலும் கரையோரமும் இருந்தன. ரங்கூன் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. சாலா கண்ணை அகல விரித்துப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் சிரித்தாள். கைக்குட்டையிலிருந்து இன்னும் இரண்டு காய்களை எடுத்தாள். பச்சையைக் கரைக்குப் பக்கத்தில் வைத்தேன். மஞ்சளை நெய்க் கறைக்கு நடுவில் வைத்தேன்.

"ரெட்ட விழுந்தா இதத் தூக்கலாம்" என்றேன். "எங்க வேணும்னாலும் வைக்கலாம்."

அவள் சிவப்புக் காயை எடுத்து யோசிக்காமல் மஞ்சளின் மேல் வைத்தாள். வைத்த பிறகுதான் யோசித்தாள். "இப்ப இவுக என்ன செய்வாக?"

"ஒண்ணும் செய்ய முடியாது. பச்சதான் திரும்பி வரணும்."

"பச்சக்குக் கர வந்துருச்சேக்கா."

வளவில் ஆச்சியின் சாவிக் கொத்துச் சத்தம் கேட்டது. யாரிடமோ குக்கர் எத்தனை வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். நான் லட்டுகளை எடுத்துப் பெட்டியில் திரும்ப வைக்கக் கையை நீட்டினேன். சாலா நகரவில்லை. பச்சைக் கப்பலின் மேல் ஒரு விரலை வைத்தபடி, கரையையும் நெய்க் கறையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.